குணச்சித்திர நடிகர் பிரகாஷ்ராஜ்

கதைத் தலைவனாக அன்றித் தந்தை, அண்ணன், பகைவன் முதலிய பாத்திரங்களை ஏற்று, அவற்றின் இயல்பை உயிர்ப்புடன் காட்டுபவரைக் குணச்சித்திர நடிகர் என்பர். அவர்களுள் புகழ்பெற்றவர் பிரகாஷ்ராஜ்.

இவர் 1965ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் பெங்களூருவில் பிறந்தார். இயற்பெயர் பிரகாஷ் ராய். கன்னட நாடக மேடையில் நடிப்புப் பயின்றார். இயக்குநர் கே. பாலசந்தர், 'டூயட்' (1994) படத்தின் வழியாக இவரைத் தமிழுக்கு அறிமுகப்படுத்தினார். தமிழ் இவருக்குத் தாய்மொழி அன்று, கற்ற மொழி. ஆயினும், மூன்றே ஆண்டுகளில், மணிரத்னத்தின் 'இருவர்' (1997) படத்தில் மேடைத்தமிழும் கவிதையும் நிறைந்த தமிழ்ச்செல்வன் என்னும் பாத்திரத்தை ஏற்றார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது இவரை வந்தடைந்தது.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் இவர் நெசவாளர் வேங்கடம். மகளின் திருமணத்திற்குப் பட்டுப்புடவை தருவதாக வேங்கடம் வாக்களிக்கிறார். பட்டு நெய்யும் கைகளுக்குப் பட்டு வாங்கும் வசதி இல்லை. எனவே, பட்டு நூலைச் சிறிது சிறிதாக வாயில் மறைத்து வீட்டிற்குக் கொண்டுவந்து, மறைவாக நெய்கிறார். செயல் தவறு, ஆனால் அதன் பின்னுள்ள தந்தையின் தவிப்பைப் பிரகாஷ்ராஜின் முகம் உணர்த்துகிறது. இப்படம் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

தமிழில் புகழ் பெற்றபின்னும் இவர் கன்னடத்தைக் கைவிடவில்லை. இவர் தயாரித்த 'புட்டக்கன ஹைவே' சிறந்த கன்னடப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. புதுமொழி கற்பவர் தாய்மொழியை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

சிந்தித்து எழுதுக: வேங்கடத்தின் செயலை நீவிர் ஏற்பீரா? காரணம் கூறுக.