வீட்டிற்கு ஏற்ற கிளி எது?

பெங்களூருவின் கப்பன் பூங்காவிலும் லால்பாக்கிலும் பச்சைக்கிளிகள் கூட்டமாகப் பறப்பதைக் காணலாம். சிவந்த அலகும் நீண்ட வாலும் உடைய இவை மரப்பொந்துகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

இக்கிளியை வீட்டில் வளர்க்கச் சிறுவர் பலர் விரும்புவர். ஆனால், இதனைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சந்தைக்கு வரும் பச்சைக்கிளிகள் பெரும்பாலும் பொந்திலிருந்து குஞ்சுப் பருவத்திலேயே எடுக்கப்பட்டவை. அவை பறந்துவிடாதபடி சிறகுகளை வெட்டிவிடுவதும் உண்டு.

கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என விற்கப்படும் சிறிய கிளிகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜி இனத்தைச் சேர்ந்தவை. கூண்டிலேயே தலைமுறைகளாகப் பெருகிவரும் இவற்றை வீட்டில் வளர்க்கலாம். இவை கூட்டமாக வாழும் இயல்புடையவை. எனவே, ஒன்றைத் தனியே வளர்த்தல் ஆகாது. தினையும் கீரையும் தூய நீரும் நாள்தோறும் அளித்தல் வேண்டும். அடுப்புப் புகை படாத இடத்தில் கூண்டை வைத்தல் வேண்டும். இறுகப் பிடித்தால் இவை கடிக்கும். ஆதலால், சிறு குழந்தைகள் பெரியவர் துணையுடன் மட்டுமே தொடுதல் வேண்டும். பின்னர்க் கைகளைக் கழுவுதல் வேண்டும்.

நாள்தோறும் இப்பணிகளைச் செய்ய இயலாத வீட்டிற்குக் கிளி ஏற்றதன்று. அவ்வீட்டுக் குழந்தைகள் பூங்கா மரங்களில் பச்சைக்கிளியைக் கண்டு மகிழலாம்.