வாசிப்பது அப்பா, பார்ப்பது பாப்பா: ஜப்பானின் மாதப் படப் புத்தகங்கள்

ஜப்பானில் மழலையர் பள்ளிக்குப் போகும் பல குழந்தைகளின் பையில் மாதம் ஒருமுறை ஒரு மெல்லிய புத்தகம் வீடு வந்து சேர்கிறது. கெட்டி அட்டை கிடையாது. முப்பது பக்கத்தை ஒட்டிய அளவு. உள்ளே ஒரே ஒரு கதை, பக்கம் நிறையப் படங்கள். நடுவில் பெரியவர்களுக்கென்று ஒரு மடிப்புத் தாளும் செருகியிருக்கும். இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று எழுத்தாளரோ ஓவியரோ அதில் சொல்லியிருப்பார்.

புத்தகத்தின் சொந்தக்காரருக்கு நான்கு வயதோ ஐந்து வயதோ இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ராத்திரி படுக்கப்போகும்முன் அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ மடியில் வைத்துப் படித்துக் காட்டுவார்கள். கேட்ட கதையையே திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு மாதம் ஓடிவிடும். அதற்குள் வெளியே பருவம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அடுத்த புத்தகம் வந்திருக்கும்.

இப்படி மாதாமாதம் வருபவற்றில் பெயர்பெற்றது ‘கொடோமோ நோ டோமோ’. ‘குழந்தைகளின் தோழன்’ என்று சொல்லலாம். ஃபுகுயின்கான் ஷோட்டன் பதிப்பகம் 1956 ஏப்ரலில் தொடங்கியது. அப்போது அதன் ஆசிரியர் தாடாஷி மாட்சுயிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

குழந்தைகளுக்கான மாத இதழ் ஜப்பானுக்குப் புதிதல்ல. ‘கிண்டர் புக்’ 1927-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தக் கால இதழ்களில் ஒரு பாட்டு, ஒரு துணுக்கு, ஒரு பொது அறிவுப் படம் என்று எல்லாம் கலந்திருக்கும். மாட்சுயி அந்தக் கலவையைக் கைவிட்டார். ஓர் இதழுக்கு ஒரு கதை, ஒரு எழுத்தாளர், ஒரு ஓவியர். மாத இதழ் என்ற பெயரில் மாதம் ஒரு முழுப் புத்தகத்தையே கொடுத்தார்.

ஓவியர்களைத் தேடவும் அவர் வழக்கமான இடங்களுக்குப் போகவில்லை. ரஷ்ய நாட்டுப்புறக் கதையான ‘மிகப் பெரிய டர்னிப்’ 1962 மே மாதம் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் சூரியோ சாட்டோ. அவர் வெண்கலச் சிற்பி. போர் முடிந்தபின் சைபீரியாவில் கைதியாகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர். தாத்தா கிழங்கைப் பிடித்து இழுக்க, பாட்டி தாத்தாவை இழுக்க, பேத்தி பாட்டியை இழுக்க, அந்த உடல்கள் பின்னால் சாயும் சாய்வில் ஒரு சிற்பியின் கண் தெரிகிறது. இன்றும் அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறது.

படப் புத்தகம் என்பது குழந்தை தானாகப் படிப்பதற்கானதல்ல, பெரியவர் குழந்தைக்குப் படித்துக் காட்டுவதற்கானது என்பதில் மாட்சுயி கடைசிவரை உறுதியாக இருந்தார். 2022-இல் தொண்ணூற்றாறு வயதில் இறக்கும்வரை அவர் எழுதியதும் பேசியதும் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். இது வெறும் அறிவுரையாக நிற்கவில்லை. புத்தகம் செய்யும் முறையையே மாற்றியது. காதுக்கான கதை என்பதால் வாக்கியம் வாயில் உருள வேண்டும். எழுத்துத் தெரியாத கண் பார்க்கப்போவதால் கதை முழுவதும் படத்திலேயே நடக்க வேண்டும். அப்பா ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் கவனிக்காத ஒரு பூனையைப் படத்தின் மூலையில் பாப்பா கண்டுபிடித்துவிடும்.

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரி தொடக்கத்தில் பேய் விரட்டும் செட்சுபுன், மார்ச் 3 பொம்மைத் திருநாள், மே 5 குழந்தைகள் தினம், ஜூனில் அடைமழை, ஜூலை 7 நட்சத்திரத் திருவிழா, செப்டம்பர் வாக்கில் நிலாப் பார்க்கும் இரவு, இலையுதிர் காலத்தில் கிழங்கு தோண்டல், பிறகு பனி என்று ஆண்டு முழுவதும் ஒரு வரிசை உண்டு. நூலகங்களும் புத்தகக் கடைகளும் இதைப் பார்த்தே அலமாரியின் முன்வரிசையை மாற்றுகின்றன.

மாத இதழிலும் இந்தப் பருவங்கள் வரும். ‘கொடோமோ நோ டோமோ’வின் 1961 ஜனவரி இதழாக வந்தது ‘காசா ஜிசோ’. ஆண்டின் கடைசி நாள். ஏழைத் தாத்தா ஒருவர் ஓலைத் தொப்பிகளை விற்கப் போகிறார். ஒன்றும் விற்கவில்லை. திரும்பும் வழியில் பனி கொட்டுகிறது; வழியோரம் ஜிசோ என்னும் சிறு கற்சிலைகள் நனைந்துகொண்டு நிற்கின்றன. தொப்பிகளை அவற்றின் தலையில் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு வருகிறார். அன்று இரவு அந்தச் சிலைகளே புத்தாண்டுக்கான பண்டங்களைச் சுமந்துவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகின்றன. இதற்குப் படம் வரைந்த சுயேகிச்சி அகாபாவுக்கு அப்போது ஐம்பது வயது. அதுதான் அவருடைய முதல் படப் புத்தகம். வறண்ட மஞ்சூரியாவில் பல ஆண்டுகள் கழித்துவிட்டு வந்தவருக்கு ஜப்பானின் ஈரப் பனி புதிதாகத் தெரிந்திருக்கிறது. மையை நீரில் கரைத்து அந்த ஈரத்தைத் தாளில் கொண்டுவந்தார். 1980-இல் ஓவியருக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது முதல்முறையாக ஒரு ஜப்பானியருக்குக் கிடைத்தது. அவர்தான் இவர்.

1963 டிசம்பர் இதழின் கதைக்குத் தமிழ்நாட்டோடு ஒரு நூலிழைத் தொடர்பு இருக்கிறது. ‘குரியும் குராவும்’ என்ற அந்தக் கதையை எழுதிய ரியெகோ நகாகவா, டோக்கியோவின் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. அவர் வகுப்புக் குழந்தைகளுக்கு ‘லிட்டில் பிளாக் சாம்போ’ கதை மிகவும் பிடிக்கும். புலிகள் உருகி நெய்யாகி, அதில் சுட்ட பான்கேக்குகளைச் சாம்போ தின்னும் இடத்தில் அவர்கள் வாயும் ஊறும். அந்தக் கதையை எழுதிய ஹெலன் பானர்மன் ஒரு ஸ்காட்லாந்து ராணுவ மருத்துவரின் மனைவி. மகள்களைக் கொடைக்கானலில் விட்டுவிட்டு மதராசுக்குத் திரும்பிய ரயில் பயணத்தில் 1898-இல் அவர்களுக்காக அதை எழுதினார் என்று சொல்வார்கள். கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் பெயருக்காகவும் படங்களுக்காகவும் அந்தப் புத்தகம் பின்னாளில் கடும் கண்டனத்துக்கு ஆளானது. ஜப்பானிலும் 1988-இல் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது.

தன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பான்கேக்கைவிட உயர்ந்த பண்டம் ஒன்றைக் கதையில் பரிமாற வேண்டும் என்று நகாகவா நினைத்தார். முட்டையும் சர்க்கரையும் தாராளமாகச் சேரும் காஸ்டெலா கேக்கைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காலத்தில் அது அன்றாடம் கிடைக்கிற தின்பண்டமல்ல. குரி, குரா என்ற இரண்டு வயல் எலிகள் காட்டில் ஒரு பெரிய முட்டையைக் கண்டெடுக்கின்றன. வீட்டுக்கு உருட்டிச் செல்ல முடியாததால் வாணலியையும் மாவையும் காட்டுக்கே சுமந்துவந்து அங்கேயே சுடுகின்றன. வாசனைக்குக் காடே கூடிவிடுகிறது. மூடியைத் திறந்தால் மஞ்சளாகப் பொங்கி நிற்கிறது கேக். எல்லோருக்கும் பங்கு உண்டு. படம் வரைந்தவர் நகாகவாவின் தங்கை யூரிகோ. இந்த இரண்டு எலிகளும் பிறகு கடலுக்குக் குளிக்கப் போயின. பனியில் பெரிய காலடித் தடங்களைப் பின்தொடர்ந்து போய்க் கிறிஸ்துமஸ் விருந்தாளியைக் கண்டன. 1997-இல் வந்த புத்தகம் ஒன்றில் பன்னிரண்டு மாதங்களையும் சுற்றி வந்தன.

எல்லாப் பருவமும் நினைத்தபடி நடந்துகொள்வதில்லை. அகாபாவின் ‘பெரிய பெரிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு’ (1972) தொடங்குவதே மழையால்தான். நாளைக்குக் கிழங்கு தோண்டப் போகலாம் என்று காத்திருந்த பிள்ளைகளின் சுற்றுலா ஒரு வாரம் தள்ளிப்போகிறது. அந்த ஏமாற்றத்தில் அவர்கள் தாளை ஒட்டி ஒட்டி ஒரு கிழங்கை வரைகிறார்கள். பக்கம் புரட்டினால் கிழங்கு. அடுத்த பக்கத்திலும் அதே கிழங்கு. அதற்கடுத்த பக்கத்திலும் முடியவில்லை. படித்துக் காட்டுபவர் வாய் திறக்க வேலையில்லாமல் பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டே போக, குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடும். உண்மையான ஒரு மழலையர் பள்ளியில் நடந்ததை ஒட்டி உருவான கதை இது.

மழைக்கு இன்னொரு புத்தகம் இருக்கிறது: சிஹிரோ இவாசாகியின் ‘மழை நாளில் வீட்டில் தனியாக’ (1968). அம்மா வரும்வரை காத்திருக்கும் சிறுமியின் பயமும் பொறுமையும் நீர்வண்ணத்தில் கசிந்து பரவும். இவர் பெயரைக் கேள்விப்படாத தமிழ் வாசகர்களும் இவர் படத்தைப் பார்த்திருப்பார்கள். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’யின் படங்கள் இவாசாகியுடையவை. அவர் 1974-இல் இறந்துவிட்டார். டோட்டோ-சான் 1981-இல்தான் புத்தகமாக வந்தது. அவர் விட்டுச்சென்ற ஓவியங்களிலிருந்து தேர்ந்தெடுத்துத்தான் அந்தப் புத்தகத்தில் சேர்த்தார்கள்.

கதைக்கு ஒரு தோழன் போதாது என்று 1969 ஏப்ரலில் அறிவியலுக்கும் ஒரு மாத இதழ் தொடங்கியது ஃபுகுயின்கான். புழு, விதை, நிழல், பனிக்கட்டி என்று அந்தந்த மாதத்தில் வாசலுக்கு வெளியே போனால் கண்ணில் படுகிறவை அதற்குப் பொருள் ஆயின. அதே பதிப்பகம் 1985-இல் வெளியிட்ட நோபுயே காயின் ‘களைகளின் வாழ்க்கை’ வேறொரு வகை உழைப்பு. ஒரு காலி நிலத்தை ஐந்து ஆண்டுகள் அவர் விடாமல் பார்த்து வரைந்திருக்கிறார். முதல் ஆண்டில் நிலத்தைப் பிடித்துக்கொண்ட புல், உயரமான செடிகள் எழுந்ததும் தோற்றுப்போகிறது; அந்தச் செடிகளின் மேல் பிறகு கொடி ஏறுகிறது. வெல்வதும் தோற்பதுமாகப் பருவங்கள் கழிகின்றன.

காசுவோ இவாமுராவின் ‘பதினான்கு எலிகள்’ வரிசையில் பருவமே கதை. 1975-இல் டோக்கியோவை விட்டு டோச்சிகி மாவட்டத்துக் காட்டோரம் குடியேறிய ஓவியர் அவர். வரிசையின் முதல் புத்தகங்கள் 1983-இல் வந்தன. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பத்துப் பிள்ளைகள். பெரிய சம்பவம் எதுவும் நடக்காது. இலையுதிர் காலத்தில் மலையில் கிழங்கு தேடுவார்கள். குளிரில் வீட்டுக்குள் விளையாடுவார்கள். நிலாப் பார்க்க மர உச்சியில் மேடை கட்டுவார்கள். பத்துப் பிள்ளைகளில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் விரல் வைத்துத் தேடுவதுதான் குழந்தைக்கு வேலை. இலையின் நரம்பு வரைக்கும் சரியாக வரைந்திருப்பதால், தோட்டத்தில் அதே செடியைப் பார்த்தால் அடையாளம் தெரியும்.

புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு?

மொமோகோ இஷீ அதற்கு ஒரு வழி காட்டினார். ‘வின்னி த பூ’வை 1940-இல் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்த அவர், 1958-இல் டோக்கியோவின் ஓகிகுபோவில் உள்ள தன் வீட்டு அறையையே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு நூலகமாகத் திறந்துவிட்டார். பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை விரும்பினார்கள், எதை மூடி வைத்தார்கள் என்று குறித்துவைத்து 1965-இல் ஒரு நூல் எழுதினார். அதைப் படித்த தாய்மார்கள் ஊர் ஊராக இப்படிப்பட்ட வீட்டு நூலகங்களைத் தொடங்க, அவை ஆயிரக்கணக்கில் பெருகின. இஷீயின் நூலகமும் வேறு சிலவும் சேர்ந்து 1974-இல் டோக்கியோ குழந்தைகள் நூலகம் ஆயின. இஷீ 2008-இல் நூற்றொரு வயதில் காலமானார்.

கைக்குழந்தைகளுக்கான ஏற்பாடு 2001-இல் வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1992-இல் தொடங்கிய ‘புக்ஸ்டார்ட்’ திட்டத்தைப் பார்த்து அமைத்தது இது. உடல்நலப் பரிசோதனைக்குக் குழந்தையைத் தூக்கிவரும் பெற்றோரிடம் உள்ளாட்சி ஊழியரோ தன்னார்வலரோ ஒரு புத்தகத்தைப் பிரித்து, அங்கேயே குழந்தைக்குப் படித்துக் காட்டுவார். குழந்தை படத்தை உற்றுப் பார்ப்பதையும் கையை நீட்டுவதையும் பெற்றோர் கண்ணால் பார்த்தபிறகு புத்தகத்தைப் பையில் போட்டுக் கொடுத்தனுப்புவார். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளில் இது நடக்கிறது.

மெல்லட்டை மாத இதழுக்கு இன்னொரு பயனும் உண்டு. எந்தக் கதை நிற்கும், எது மறைந்துபோகும் என்று வீடுகளே சொல்லிவிடுகின்றன. பிள்ளைகள் விடாமல் கேட்கும் கதைகள் பிறகு கெட்டி அட்டையில் வரும். குரியும் குராவும் 1967-இல் அப்படித்தான் கடைக்கு வந்தன. ஐந்து வயதுச் சிறுமி தனியாகப் பால் வாங்கப் போகும் ‘முதல்முறை கடைக்கு’ 1976 மார்ச் இதழாக வந்து, அடுத்த ஆண்டு கெட்டி அட்டைக்கு மாறியது. கையில் இரண்டு நூறு யென் நாணயங்கள்; வழியில் தடுக்கி விழுகிறாள்; கடை வாசலில் நின்று கூப்பிட்டால் குரல் எழவில்லை. குட்டிப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிப் படமெடுக்கும் புகழ்பெற்ற ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தூண்டுதலும் பெயரும் கொடுத்தது இந்தப் புத்தகம்தான்.

1963-இல் மடியில் உட்கார்ந்து கேட்டவர்கள் இன்று பேரப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். ஆனால் மடிகள் இருக்கும் அளவுக்குப் பேரப் பிள்ளைகள் இல்லை. 2024-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை முதல்முறையாக ஏழு லட்சத்துக்குக் கீழே இறங்கியது.

பருவமும் முன்போல் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் பள்ளியில் சேரும் நாளும் செர்ரி மலரும் ஜப்பானிய மனத்தில் பிரிக்க முடியாதவை. படப் புத்தகங்களிலும் அப்படியே. ஆனால் 2021-இல் கியோட்டோவின் செர்ரி மரங்கள் மார்ச் 26-ஆம் தேதியே முழுதாகப் பூத்துவிட்டன. அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. ஹொக்கைடோவிலோ ஏப்ரல் கடைசி வரை பூவுக்குக் காத்திருக்க வேண்டும். ஒக்கினாவாவில் ஜனவரியிலேயே பூத்துவிடும். நாடு முழுவதற்கும் ஒரே நாளில் போகும் புத்தகத்தில் மரம் பூத்திருக்க, ஜன்னலுக்கு வெளியே ஒரு வீட்டில் தளிர், இன்னொரு வீட்டில் பனி. நம் மரம் மட்டும் ஏன் இப்படி இல்லை என்று பாப்பா கேட்டால், செருகியிருக்கும் மடிப்புத் தாளில் அதற்கு விடை இருக்காது. அப்பாதான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும்.