எத்தனை தோட்டா என்பதல்ல, எத்தனை சாவி என்பதே கேள்வி

மானாவாரி மக்காச்சோளம் பால் பிடிக்கும் மார்கழி வந்துவிட்டால், குருவிகுளம் வட்டாரத்தில் டீக்கடைப் பேச்சு முழுக்கக் காட்டுப்பன்னிதான். ஒரு கூட்டம் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழப்பிப் போட்டுவிட்டுப் போயிரும். தின்றது கொஞ்சம், மிதிச்சது அதிகம். "ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துட்டா பிரச்னை தீர்ந்தது சார்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். வெளிநாட்டில் ஒரே மூச்சில் பத்துத் தோட்டா சுடுகிற வீடியோவையும் செல்போனில் காட்டுகிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் விதிமுறை படித்தே பழகியவன் என்பதால், இந்தத் துப்பாக்கி விதிகளையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். படித்ததில் உழவருக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த வெளிநாட்டுக் கதை. அமெரிக்காவில் வாத்து, காட்டுப்புறா மாதிரி வலசை வரும் பறவைகளைச் சுடுகிற துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. 1935-லிருந்து இதுதான் சட்டம். அதற்கு மேல் கொள்ளும் துப்பாக்கி என்றால், மேகசினுக்குள் ஒரு அடைப்பானைச் செருகி இடத்தைக் குறைத்துவிட வேண்டும். துப்பாக்கியைக் கழற்றினால்தான் அடைப்பானை எடுக்க முடியும் என்கிற மாதிரி அது இருக்க வேண்டும். பறவை இனம் அழிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

அதே நாட்டில் பனிவாத்துகள் அளவுக்கு மீறிப் பெருகி, வடதுருவத்துப் புல்வெளியையே மொட்டையடித்தபோது, 1999-ல் தனி உத்தரவு போட்டு, அடைப்பான் இல்லாமலும் சுடலாம் என்றார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் பன்னிக்கு இந்த மூன்று தோட்டாக் கணக்கே கிடையாது. 2011-ல் ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்குக்கூட வழி செய்துவிட்டார்கள். அப்படியும் அங்கே பன்னி கட்டுக்குள் வரவில்லை! தோட்டா கூடினால் பன்னி குறையும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம்ம ஊர் சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த புதிதில் வேட்டைக்கு உரிமம் உண்டு. சிறு வேட்டை, பெரு வேட்டை, சிறப்பு வேட்டை என்று தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். காட்டுப்பன்னி பெரு வேட்டையில் வரும். அதை ரைபிளால்தான் சுட வேண்டும். ரவைத் துப்பாக்கி என்றால் உரிமத்தில் தனி அனுமதி வேண்டும், அதிலும் ஒற்றைக் குண்டுதான் போட வேண்டும். சிதறுகிற ரவையில் பெரிய மிருகம் சாகாமல் காயத்தோடு அலையும் என்பதுதான் இதில் உள்ள நியாயம். ராத்திரி வேட்டைக்கும், விளக்கடித்துச் சுடுவதற்கும் தடை இருந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை உரிமம் என்பதே முடிவுக்கு வந்தது.

அப்படியென்றால் பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி? 1959 ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டால், குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாம். அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டும், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள ரவைத் துப்பாக்கிக்குக் கொடுக்கலாம். மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு மேகசினே கிடையாது. ஒரு வெடி. திரும்பக் கெட்டிப்பதற்குள் பன்னி அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் உழவர்கள் பலரும் கவனிக்காத விஷயம் வேறு. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்று வாடிக்கையாளரிடம், இன்னொன்று வங்கியிடம். ஒரு சாவியால் திறக்காது. துப்பாக்கி உரிமமும் அப்படித்தான். கலெக்டர் கொடுக்கும் உரிமம் துப்பாக்கி வைத்திருப்பதற்கான சாவி மட்டும். பன்னியைச் சுடுவதற்கான சாவி வனத்துறையிடம் இருக்கிறது. காட்டுப்பன்னி இப்போது வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நிற்கிற பயிருக்கு ஆபத்து என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணம் எழுதி உத்தரவு போட்டால்தான் சுடலாம். உத்தரவு இல்லாமல் சுட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உயிரைக் காக்க வேறு வழியில்லாமல் கொன்றால் குற்றமில்லை. ஆனாலும் செத்த மிருகம் அரசுச் சொத்து, கறிக்கு எடுக்கக் கூடாது.

கேரளாவில் 2022-லிருந்து இரண்டாவது சாவியைப் பஞ்சாயத்துத் தலைவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் உத்தரவு போட, துப்பாக்கி உரிமம் உள்ளவர் சுடுகிறார். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வேறு ஏற்பாடு வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்னியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டினால் சுடலாம், ஆனால் வனத்துறைதான் சுட வேண்டும். இதில் பரிந்துரை செய்யக் கிராம அளவில் ஒரு குழு. கிராம நிர்வாக அலுவலர், பஞ்சாயத்துத் தலைவர், வனவர் மூவரும் அதில் உண்டு.

புளியங்குடி, சிவகிரி மலையடிவாரக்காரர்கள் நிலத்துக்கு நிலம் தூரத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கும். நம்ம குருவிகுளம் பக்கமோ மலையை விட்டு வெகுதூரம். இங்கே பன்னி குடியிருப்பது காட்டில் இல்லை. கண்மாயிலும் ஓடையிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் முள்ளுக்குள்தான். ஆகவே வனத்துறையிடம் உரிமையோடு கேட்கிற இடத்தில் நாம் இருக்கிறோம்.

கேட்பதையும் முறையாகக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புலம்பினால் நடக்காது. ஊராகச் சேர்ந்து, சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, தேதி போட்ட போட்டோ எல்லாம் இணைத்து, கிராம நிர்வாக அலுவலர், பஞ்சாயத்து, வனச்சரக அலுவலகம் மூன்று இடத்திலும் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பயிர்ச்சேத நிவாரணத்துக்கும் அதே காகிதங்கள் உதவும். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். குழு இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று காலக்கெடு கேட்பதுதான் நம் இயக்கத்தின் கோரிக்கையாக இருக்க வேண்டும். கதிர் முற்றின பிறகு வருகிற உத்தரவு யாருக்கு ஆகும்?

சட்டம் விட்டுக்கொடுத்தாலும், ஆளுயரச் சோளத்துக்குள் ராத்திரி துப்பாக்கி தூக்குவது நல்லதில்லை. அசைவது பன்னியா, தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துக் காட்டுக்காரரா என்று தெரியாது. காயம்பட்ட பன்னி திரும்பிப் பாயும். அவுட்டுக்காய் வைப்பதும், கரண்டை நேராகக் கம்பியில் விடுவதும் அதைவிட மோசம். மாடும் சாகும், மனுசனும் சாவான், வைத்தவர் ஜெயிலுக்குப் போவார். வேலி வேண்டுமென்றால் விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சூரிய மின்வேலி இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கேட்டுப் பாருங்கள். மின்வேலிக்கு 2023-ல் வந்த தமிழக விதிகளையும் விசாரித்துக்கொண்டு போடுங்கள்.

நம்ம கையில் இருக்கிற சாவியும் உண்டு. சோளத்தைச் சுற்றி நாலு வரிசை ஆமணக்கு நெருக்கிப் போட்டால் பன்னிக்கு அது பிடிக்காது. அழுகிய முட்டைக் கரைசல், பழைய சேலை வேலி எல்லாம் கொஞ்ச நாள்தான் தாங்கும். ஒன்றையே நம்பாமல் வாரத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் கூடிக் கண்மாய்க் கருவேலத்தை அகற்றினால் பன்னிக்குப் பகலில் படுக்க இடம் இருக்காது. ஆனி, ஆடியில் விதைப்புக்கு முன்னால் அனுமதி வாங்கி இதை முடித்துவிட வேண்டும். மார்கழியில் பன்னி வந்த பிறகு யோசித்தால் நேரம் இருக்காது.