யுரேனியத்துக்குள் குடியேறும் மியூவான்

அணுக்கருவைப் பிளக்க நியூட்ரான் வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். மியூவான் என்ற துகளும் பிளக்கும். எலக்ட்ரானுக்குள்ள அதே மின்னூட்டம், நிறை மட்டும் 207 மடங்கு, ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் மேலே உருவாகி, பெங்களூரின் மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு நிற்பவரின் உள்ளங்கையைக்கூட நொடிக்கு ஒன்று வீதம் துளைத்துப் போகிறது.

பெங்களூருக்கு மியூவான் ஆய்வு புதிதல்ல. இரண்டாம் உலகப் போரால் கேம்பிரிட்ஜ் திரும்ப முடியாத இயற்பியலாளர் ஹோமி பாபா, இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில்தான் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கினார். அவரது குழுவினர் அமெரிக்க ராணுவ விமானத்தில் கருவிகளை ஏற்றி, பெங்களூருக்கு மேலே 30,000 அடி உயரம் வரை இந்தத் துகள்களை எண்ணினார்கள். அடுத்து, நேர் எதிர்த்திசையில் இறங்கினார்கள்: 1951 முதல் இயற்பியலாளர் பி.வி. ஸ்ரீகண்டன் கோலார் தங்கவயலில், பெரும்பாலும் தமிழர்கள் வெட்டிய சுரங்கங்களின் ஆழத்தில், மியூவான்களை அளந்தார்.

சரி, மியூவானால் பிளவு எப்படி நடக்கிறது? வேகம் குறைந்த எதிர்மின் மியூவானை யுரேனியம் அணு பிடித்துக்கொள்கிறது. நிறை அதிகம் என்பதால் அது எலக்ட்ரான்களைத் தாண்டி உள்ளே உள்ளே இறங்கி, கடைசியில் பெரும்பகுதி நேரம் கருவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கடைசிப் படியில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 6 மெகா எலக்ட்ரான்வோல்ட். வழக்கமாக அது எக்ஸ் கதிராக வெளியேறிவிடும். சில சமயம் கருவே அதை நேராக விழுங்கி உடைகிறது. 1940-களின் இறுதியில் இயற்பியலாளர் ஜான் வீலர் இதை ஊகித்திருந்தார். உடைத்த மியூவானுக்குச் சேதமில்லை. பெரும்பாலும் பெரிய துண்டோடு ஒட்டிக்கொண்டு போகிறது.

அதிகம் நடப்பது இன்னொரு வகை. சுமார் 80 நானோ நொடி தங்கிய பிறகு மியூவான் ஒரு புரோட்டானோடு சேர்ந்து நியூட்ரானாகிறது. ஆற்றலில் பெரும்பங்கை நியூட்ரினோ கொண்டுபோனாலும், மிச்சமிருப்பதே கருவைப் பிளக்கப் போதும்.

எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் மியூவானின் எதிர்மின்னூட்டம் புரோட்டான்களை இழுத்துப் பிடிப்பதால், பிளவுக்கான தடை சற்று உயர்கிறது. உடைக்க வந்ததே உடையவிடாமலும் தடுக்கிறது! இன்னொரு பயனும் உண்டு: சிறிய துண்டோடு எத்தனை மியூவான்கள் போகின்றன என்று எண்ணினால், கரு எவ்வளவு வேகமாகப் பிரிந்தது என்று கணிக்கலாம்.

மின்சாரத்துக்கு இது உதவாது. ஒரு பிளவில் கிடைப்பது சுமார் 200 மெகா எலக்ட்ரான்வோல்ட்; முடுக்கியில் ஒரு மியூவானை உண்டாக்க அதைப்போல் பல மடங்கு செலவாகும். பிடிபடும் மியூவான்களிலும் பெரும்பாலானவை பிளவை உண்டாக்குவதில்லை. வானிலிருந்து வருபவையோ வேகமானவை, பெரும்பாலும் நிற்காமல் ஊடுருவிவிடும். அதனால் இந்தச் சோதனைகள் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் உள்ள மியூவான் கற்றைகளில் நடந்தன.