முட்டி வலிக்கிறதா? சைக்கிள் சீட்டின் உயரத்தைப் பாருங்கள்

கிள்ளானில் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிளிலேயே போய்வரும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். கோத்தா பாலத்தின் கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே கட்டப்பட்டது. அதில் மிதித்து வேலைக்குப் போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். முட்டி வலி வந்ததும், "வயதாகிவிட்டது" என்று சைக்கிளை ஓரங்கட்ட வேண்டாம். மிதிக்கும்போது உடல் எடையில் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது. ஆகவே முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இது ஏற்ற பயிற்சிதான். ஆனால் சீட் சரியான உயரத்தில் இருக்க வேண்டும்.

நம்மில் பலர் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருப்போம். நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் படவேண்டும் என்ற பயம்தான் காரணம். பயம் நியாயமானது. ஆனால் சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகம் மடங்குகிறது. முட்டிச் சில்லு உள்ளே அழுத்தப்படுகிறது. முட்டியின் முன்பக்கம் வலித்தால் முதலில் சீட் தாழ்வாக இருக்கிறதா, மிகவும் முன்னால் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரத்தில் இருக்கலாம்.

உயரம் பார்க்க ஒருவர் துணை வேண்டும். வழக்கமாகப் போடும் காலணியோடு சுவரோரம் சைக்கிளில் உட்காருங்கள். துணைக்கு வந்தவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். இரண்டு காலுக்கும் இப்படிப் பாருங்கள்.

சீட்டை ஒரே நாளில் உயர்த்திவிடாதீர்கள். ஒரு முறைக்கு அரை சென்டிமீட்டர் போதும்; சில நாள் ஓட்டிப் பார்த்து அடுத்த மாற்றம் செய்யுங்கள். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு இழுத்தால் கம்பி முறியக்கூடும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகுங்கள். நடுக்கம்பி தாழ்ந்த பெண்கள் சைக்கிள் ஆண்களுக்கும் வசதிதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைசுற்றல், தடுமாற்றம் உள்ளவர்கள் சீட்டைச் சற்றுத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம். முட்டி வலியைவிட விழுவது ஆபத்து. கியர் இருந்தால் இலேசான கியரில் ஓட்டுங்கள். அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாலத்து மேட்டில் அழுத்தி மிதிக்க வேண்டாம், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

எப்போதும் ஒரே முட்டிதான் வலிக்கிறதா? ஒரு சிலிப்பர் மட்டும் சீக்கிரம் தேய்கிறதா? வேட்டியோ கால்சட்டையோ ஒரு பக்கம் மட்டும் தரையில் இழுபடுகிறதா? கால் நீளத்தில் வித்தியாசம் இருக்கலாம். அரை சென்டிமீட்டர் அளவு வித்தியாசம் பலருக்கும் உண்டு. தொந்தரவு இல்லையென்றால் அதை விட்டுவிடலாம். பழைய எலும்பு முறிவு, இடுப்பு அல்லது முட்டி அறுவை சிகிச்சை போன்றவற்றால் கூடுதல் வித்தியாசம் வரும். சிலருக்கு எலும்பு சமமாகவே இருக்கும். இடுப்பு சாய்ந்திருப்பதால் ஒரு கால் குட்டையாகத் தெரியும். அவர்களுக்குக் காலணியை உயர்த்துவதைவிடப் பயிற்சிதான் தேவைப்படும். அதனால் வீட்டில் கணக்குப் போடாமல் கிளினிக்கில் அளந்துகொள்ளுங்கள். இடுப்பெலும்பிலிருந்து உட்கணுக்கால் வரை நாடாவால் அளப்பார்கள். குட்டையான காலின்கீழ் கட்டைகளை வைத்து நிற்கச் சொல்லியும் பார்ப்பார்கள்.

அளவு தெரிந்தபின், சீட்டை நீளமான காலுக்குப் பொருத்துங்கள். குட்டைக் காலுக்கு ஏற்றபடி தாழ்த்தினால் மற்ற முட்டி அதிகம் மடங்கிச் சிரமப்படும். குட்டைக் கால் பக்கம் உயரம் சேர்க்க வேண்டும். முழு வித்தியாசத்தையும் உடனே ஈடுகட்ட வேண்டாம். பாதியில் தொடங்குவது நல்லது. சில மில்லிமீட்டர் என்றால் காலணிக்குள் அட்டை போதும். அதற்கு மேல் போனால் குதிகால் காலணியைவிட்டு வெளியே வந்துவிடும். அடித்தோலை வெளியில் கனமாக்கச் சொல்லுங்கள். அல்லது சைக்கிள் கடையில் பெடலுக்கு ரப்பர் கட்டை பொருத்தலாம். பெடல் சுழலும் என்பதால் இரு பக்கமும் ஒரே கனம் வேண்டும்; திருகாணி போட்டு இறுக்க வேண்டும். கயிற்றால் கட்டினால் நழுவிவிடும். கழன்றுவிடும் சிலிப்பரோடு ஓட்டாதீர்கள், குறிப்பாக நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள்.

இரண்டு மூன்று வாரம் ஆகியும் வலி குறையாவிட்டால் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். சைக்கிள் ஓட்டும்போது போடும் காலணியையும், சாப்பிடும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள். சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடையில் வலி மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலும், காய்ச்சல் சேர்ந்து வந்தாலும், கால் மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். விழுந்தபின் ஒரு கால் திடீரென்று குட்டையாகத் தெரிந்து, ஊன்ற முடியவில்லை என்றால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். எழுந்து நடக்க முயலாமல் 999ஐ அழையுங்கள்.