பொறியில் எழும் பொறி

தமிழில் 'பொறி' என்னும் சொல் மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் குறிக்கும். தீயினின்று தெறிக்கும் துகளையும் குறிக்கும். கன்னத்தில் அறை வாங்கியவன் "கண்ணில் பொறி பறந்தது" என்று சொல்லுங்கால் இவ்விரு பொருளும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. இது வெறும் உயர்வு நவிற்சி அன்று. அடிபட்ட கண்ணில் மெய்யாகவே ஒளி தோன்றுகிறது. அடியே படாதபோதும் சிலருக்கு அவ்வொளி தோன்றுவதுண்டு. அதன் காரணங்களுள் ஒன்று பார்வையையே பறித்துவிடக் கூடியது. இலக்கியம் பயிற்றும் நாம் இது குறித்து எழுதப் புகுந்தமைக்கு எம் இல்லத்து நிகழ்ச்சியே காரணம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

கண்ணினின்று கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என யூக்ளிட் முதலிய கிரேக்க அறிஞர் கருதினர். பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் இக்கருத்தை மறுத்து, பொருளினின்று வரும் ஒளி கண்ணுட் புகுவதே பார்வை என நிறுவினார். அங்ஙனமாயின், வெளியிலிருந்து ஒளி வாராதபோதும் ஒளி தோன்றுவது எங்ஙனம்?

விடை விழித்திரையின் இயல்பில் உள்ளது. கண்ணின் பின்சுவரில் படிந்துள்ள இம்மெல்லிய நரம்புப் படலத்திற்கு ஒரே மொழிதான் தெரியும். ஒளி பட்டாலும் 'ஒளி' என்றே மூளைக்கு உரைக்கும்; அழுத்தினாலும் இழுத்தாலும் 'ஒளி' என்றே உரைக்கும். ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோகன்னஸ் முல்லர் 1826இல் இதனைப் புலன் நரம்புகள் அனைத்திற்கும் பொதுவிதியாக வகுத்தார். இருட்டறையில் கண்ணை மூடி, மூக்கோரத்து இமைமேல் விரலால் மெல்ல அழுத்தினால் காதோரமாக ஓர் ஒளிவட்டம் தெரியும். நியூட்டன் தம் இளமையில் மழுங்கிய ஊசியைக் கண்ணுக்கும் எலும்புக்கும் இடையே செலுத்தி இதனை ஆராய்ந்தார். (மாணவர்கள் விரலோடு நிற்க, அதுவும் ஒரே முறை.) 1969இல் நிலவுப் பயணம் சென்றவர் இருளில் கண்ட மின்னற் கீற்றுகளும், அண்டக் கதிர்கள் கண்ணை ஊடுருவியதால் எழுந்தவையே.

இனி, அடியும் அழுத்தமும் இன்றி எழும் ஒளிக்கு வருவோம். கண்ணின் உட்பகுதியில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பி நிற்பது நுங்கு போல் தெளிந்த ஒரு கூழ். மருத்துவர் அதனை விட்ரியஸ் என்பர். ஏறத்தாழ 4 மில்லி லிட்டர் அளவுள்ள அக்கூழில் 98 விழுக்காடு நீர். எஞ்சியவற்றுள் முதன்மையானவை நுண்ணிய புரத இழைகள். இளமையில் அது விழித்திரையோடு ஒட்டியிருக்கும். அகவை ஏற ஏற இளகிச் சுருங்கித் திரையை விட்டுப் பிரியத் தொடங்கும். ஐம்பதைக் கடந்தோர்க்கு நரை போல் இயல்பாக வருவது இது. கிட்டப்பார்வை மிகுந்தோர்க்கும், கண்புரை அறுவை செய்துகொண்டோர்க்கும் முன்னரே வந்துவிடும். பிரியுங்கால், இன்னும் ஒட்டியுள்ள இடங்களில் கூழ் திரையை இழுக்கிறது. அவ்விழுப்பையே திரை ஒளியென அறிவிக்கிறது. ஆதலின் இருளில், கண்ணைச் சட்டெனத் திருப்பும்போது, காதோரமாக, நொடிப்பொழுதே நிற்கும் வில் வடிவ மின்னல் தோன்றும். கூழினுள் மிதக்கும் இழைகளின் நிழலும் கண்ணில் பூச்சி பறப்பது போலத் தெரியும்.

பெரும்பாலோர்க்கு இஃது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே அடங்கும். ஆனால் இவ்வறிகுறி புதிதாகத் தோன்றி மருத்துவரிடம் வருவோருள் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்குத் திரை கிழிந்திருக்கிறது. அக்கிழிசல் வழியே நீர் புகுந்து, சுவரினின்று சுண்ணாம்பு உரிவது போலத் திரையை உரித்துவிடும். பார்வையின் ஓரத்தில் நிழலாகத் தொடங்கி, திரைச்சீலை இழுத்தாற்போல் நடுநோக்கி வரும். வலி சிறிதும் இராது. அவ்வலியின்மையே இந்நோயின் வஞ்சகம். கிழிசலே நோயின் வேர், அதனை அடைத்தால் திரை ஒட்டும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர் ஜூல் கோனின் 1920களில் மெய்ப்பிக்கும் வரை, இது பெரும்பாலும் தீராத நோயாகவே இருந்தது.

1997ஆம் ஆண்டு ஒரு மஃரிபு வேளையில், வலக்கண்ணோரம் மின்னுகிறது என்றார்கள் எம் அத்தா. தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள். பித்தம் என்றார் ஒருவர். உறக்கமின்மை என்றார் மற்றொருவர். கல்லூரி மாணவராயிருந்த நாமோ எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னோம். ஒன்பதாம் நாள் நிழல் விழுந்தது. பெருநாள் கழியட்டும் என மேலும் ஒரு வாரம் காத்திருந்தோம். அறுவையில் திரை ஒட்டியது உண்மை. ஆயினும் நுண்பார்வைக்குரிய நடுப்பகுதி அதற்குள் உரிந்து கிடந்தமையால், அக்கண்ணால் எழுத்தைப் படிக்க அவர்களால் இறுதிவரை இயலவில்லை.

எல்லா மின்னலும் கண்ணில் எழுவன அல்ல. ஒற்றைத் தலைவலியில், மூளையின் பின்புறத்துப் பார்வைப் பகுதியில் ஒரு கிளர்ச்சி அலை நிமிடத்திற்கு 3 மில்லி மீட்டர் அளவில் ஊர்கிறது. சிறு புள்ளியாகத் தொடங்கி, கோட்டை மதில் போல் முறிந்து முறிந்து செல்லும் ஒளிக்கோடாக விரிந்து, 20 அல்லது 30 நிமிடங்களில் மறையும். பின்னர்த் தலைவலி வரலாம், வாராமலும் போகலாம். ஆங்கிலேய மருத்துவர் ஹியூபர்ட் ஏரி, தாம் கண்ட இக்காட்சியை 1870இல் படமாக வரைந்து வெளியிட்டார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தல் நலம். எக்கண்ணை மூடினும் தெரியுமாயின் அது பெரும்பாலும் மூளையில் எழுந்தது. ஒரு கண்ணில் மட்டுமெனில் அக்கண்ணில் எழுந்தது. சட்டென எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து வரும் மினுக்கம் நொடிகளில் தீரும். கருவுற்ற பெண்ணுக்குக் கடுந்தலைவலியோடு மின்னல் தெரிந்தாலோ, அது வலிப்பில் முடியும் மிகை இரத்த அழுத்தமாகலாம். அப்பொழுதே மருத்துவமனை சேர்க்க வேண்டும். இதனை இல்லத்துப் பெரியோர் சிறப்பாக மனத்திற் கொள்க.

கடந்த ஆண்டு, விடைத்தாள் திருத்திவிட்டு விளக்கணைத்த ஓரிரவில் எம் இடக்கண்ணிலும் அவ்வில் தோன்றியது. மறுநாட் காலையே சென்றோம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு, தலையில் விளக்கணிந்து, திரையின் விளிம்பு வரை தேடினார் மருத்துவர். எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்வதால் மட்டும் இக்கிழிசல் புலப்படாது. எமக்கு எல்லா எழுத்தும் தெளிவாகவே தெரிந்தன. மேலோரத்தில் குதிரை லாட வடிவில் ஒரு கிழிசல் இருந்தது. அதனைச் சுற்றிலும் லேசர் கதிரால் சிறு சிறு சூடுகள் இட்டார், சுவரோடு திரையைத் தைத்தாற்போல. அரைமணி நேரமும் ஆகவில்லை. கண்மணி விரிந்திருந்தமையால் வண்டி ஓட்டாமல், மகனோடு வீடு திரும்பினோம்.

லேசர் கிழிசலை அடைக்குமேயன்றிக் கூழின் இழுப்பை நீக்குவதில்லை. ஆதலின் சிற்சில இரவுகளில் அவ்வில் இன்றும் தோன்றி மறைகிறது. ஆறாம் வாரச் சோதனையில், தழும்பு நன்கு பற்றியுள்ளது என்றார் மருத்துவர். வலக்கண்ணையும் அன்றே விளிம்பு வரை பார்த்துவிட்டார்.