குளுக்கோஸ் ஏற்றுவது எப்போது, யாருக்கு?



காய்ச்சலில் கிடந்து எழுந்தவராயினும், பேறுகாலம் கழிந்து களைத்திருக்கும் பெண்ணாயினும், முதுமையால் சோர்ந்த பெரியவராயினும் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்’ என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. தேவையில்லை என்று மருத்துவர் கூறினாலும் நாம் விடுவதில்லை. ஏற்ற மறுப்பவரைக் கைராசியற்றவர் என ஒதுக்கிவிட்டு, கேட்டவுடன் ஏற்றிவிடும் இடத்தைத் தேடிப் போகிறோம். நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். அந்த ஏவலை நிறைவேற்ற விரும்புபவர், உடலில் ஏறுவது இன்னதென்று அறிந்திருப்பது அவசியமல்லவா?

வழக்கமாக ஏற்றப்படும் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் 500 மில்லி திரவம் இருக்கும். அதில் கரைந்துள்ள சர்க்கரை 25 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் ஐந்தாறு கரண்டி. அது தரும் சக்தி 100 கலோரிக்கும் குறைவு. பருப்பும் வெந்தயமும் இறைச்சியும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியில் இதைவிட அதிகச் சத்து உண்டு. சலைன் எனப்படும் மற்றொரு பாட்டிலில் இருப்பது உப்புநீர். 500 மில்லிக்கு நாலரை கிராம் உப்பு. ஏற்றியபின் தோன்றும் தெம்பில் பெரும்பங்கு, உடலில் குறைந்திருந்த நீர் நிரம்பியதால் வருவது. நீர் குறையாதவருக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் இது வீண் சிகிச்சையா? இல்லவே இல்லை. இதன் தொடக்கமே உயிர் போகும் தறுவாயில்தான் நிகழ்ந்தது. 1831இல் பிரிட்டனில் காலரா பரவியபோது, ஓஷானஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, நீரும் உப்பும் வெளியேறிவிட்டதைக் கண்டறிந்தார். மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், இறக்கும் நிலையிலிருந்த ஒரு மூதாட்டியின் இரத்தக் குழாயில் உப்புநீரைச் செலுத்தினார். சற்று நேரத்தில் அம்மூதாட்டி கண்விழித்துப் பேசினார். ஆனால் பேதி நிற்கவில்லை. மீண்டும் ஏற்றப்படாததால் சில மணி நேரத்தில் இறந்துபோனார். எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவும் தொடர்ந்து ஈடு செய்யப்பட வேண்டும் என்பதை மருத்துவ உலகம் இவ்வாறுதான் கற்றது.

இன்றும் கடும் வாந்திபேதியில் மயங்கியவர், விபத்தில் இரத்தம் இழந்தவர், டெங்குவில் இரத்த அழுத்தம் வீழ்ந்தவர், அறுவை சிகிச்சைக்குப்பின் உண்ண இயலாதவர் ஆகியோருக்கு இச்சிகிச்சை உயிர் காக்கும். கிருமி இரத்தத்தில் பரவிய நிலையில் மருந்து உடனே சேர வேண்டும். அதற்கும் இதுவே வழி.

வாயால் குடிக்க முடிந்தவரின் நிலை வேறு. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்து, குடிக்கக் கொடுக்கும்படி நோயாளிகளின் உறவினர்களிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்குக்கும் கீழே குறைந்தது. குளுக்கோஸ் குடலில் உப்பையும், அதனுடன் நீரையும் இழுத்துக்கொண்டு இரத்தத்தில் சேர்வதே இதன் இரகசியம். ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக நாம் கடைகளில் வாங்குவது அதன் வழிவந்ததே. (ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து, பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரிலேயே கரைக்க வேண்டும்.)

இனி தீமைகளைக் கவனிப்போம். வாய்வழிச் செல்லும் பொருளை வயிறும் குடலும் கல்லீரலும் ஓரளவு வடிகட்டுகின்றன; தகாததை வாந்தியாக வெளியேற்றவும் வழியுண்டு. இரத்தக் குழாயில் சென்றதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வாத மருந்தாயின் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி அழுத்தம் வீழும். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவருக்கு இரண்டு பாட்டில் வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சர்க்கரை நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. வென்ஃப்ளான் ஊசி பல நாள் ஒரே இடத்தில் இருந்தால் கை வீங்கிச் சீழ் பிடிப்பதும் உண்டு. நோயாளியைப் பார்க்கச் செல்பவர்கள், ‘மெதுவாக இறங்குகிறதே’ என்று சொட்டு உருளையைத் தாமே திருகிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அச்சொட்டின் வேகம் மருத்துவர் கணக்கிட்டு வைத்தது. பொட்டாசியம் கலந்த திரவம் விரைந்து ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும்.

எல்லாவற்றினும் கொடியது, ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையும் குழாயையும் மற்றவருக்குப் பயன்படுத்துவது. 2019இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணம், லர்கானா மாவட்டத்து ரத்தோடெரோ ஊரில், காய்ச்சல் தீராத குழந்தைகளைச் சோதித்தபோது நூற்றுக்கணக்கானோருக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. அவர்களின் தாய்மார்களில் பெரும்பாலோருக்கு அக்கிருமி இல்லை. விசாரணை சென்று நின்ற இடம், மறுபடி மறுபடி பயன்படுத்தப்பட்ட ஊசிகளும் டிரிப் குழாய்களும். அக்குழந்தைகளில் பலர், சாதாரணக் காய்ச்சலுக்கும் பேதிக்கும் ஊசியும் டிரிப்பும் போடப்பட்டவர்கள். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபிமொழியின் கருத்து. பொறுப்பை அவர்மீது சுமத்தலாம். குழந்தையின் உடலில் புகுந்த கிருமி போகாது. ஆகவே உறை பிரிக்காத புதிய ஊசியும் குழாயும் நம் கண்முன் பிரிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். ‘எதற்காக ஏற்றுகிறீர்கள், வாயால் கொடுத்தால் போதாதா?’ என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

ரமளானில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி, இதனால் நோன்பு முறியுமா என்பது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தோல், தசை, இரத்தக் குழாய் வழியாகப் போடப்படும் சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது என்றும், ஊட்டமாக ஏற்றப்படும் திரவங்களுக்கு இது பொருந்தாது என்றும் தீர்மானித்தது. இயற்கையான துவாரத்தின் வழியே செல்லாததால் குளுக்கோஸும் முறிக்காது, ஆயினும் பசி தெரியாதிருப்பதற்காகவே ஏற்றிக்கொள்வது மக்ரூஹ் என்று கூறும் ஹனஃபி ஆலிம்களும் இருக்கிறார்கள். உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாந்திபேதியால் காலையிலேயே துவண்டுவிட்ட ஒருவர், இந்தக் கருத்து வேறுபாட்டுக்கு அஞ்சி மஃக்ரிப் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குள் அவருடைய சிறுநீரகம் பழுதாகிவிடக்கூடும். நோயாளிக்கு நோன்பை விட அனுமதி உண்டு. அவர் உடனே சிகிச்சை பெற்று, குணமடைந்தபின் அந்த ஒரு நோன்பைக் களாச் செய்துகொள்ளலாம்.